யார் பேருக்கு அழுவது

“யாருக்குங் கண்ணு அழோணும்?” என்றாள் சென்னியம்மாள்.

கோகிலவாணிக்குக் கேள்வி புரியவில்லை. மைக்கைத் தகர ஷெட்டின் நிழலில் நிறுத்தி, காற்று அடிக்காமல் இருக்க அதன்மேல் ஒரு காலுறையை இழுத்து மாட்டியாகிவிட்டது. முபஷிர் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு, ஹெட்போனோடு தரையில் உட்கார்ந்திருந்தான். நூறடி தள்ளி ஒரு கோழிப்பண்ணை. எருமப்பட்டியைச் சுற்றிலும் எங்கே மைக்கை நீட்டினாலும் ஏதாவது ஒரு பண்ணையின் சத்தம் உள்ளே வந்து விழுந்தது. தீனி போட்டதும் கோழிகள் இருபது நிமிடம் வாயை மூடிக்கொண்டு தின்னும் என்று பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். பதினோரு மணிக்குத் தீனி. இப்போது பத்து ஐம்பது.

“யாருக்குமில்லீங்க்கா. சும்மா ஒரு பாட்டு. மூணு நிமிசம் போதும்.”

“சும்மா அழுவறதுக்கு நானென்ன சினிமாக்காரியா?”

சென்னியம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டு செல்போன்கள், ஒலிபெருக்கி கட்டிய மினி ஆட்டோ ஒன்று, நாலு பேர் கொண்ட செட்டு. எருமப்பட்டியிலிருந்து துறையூர் வரைக்கும் சாவு வீடுகளில் ஒப்பாரி பாடப் போய்க்கொண்டிருந்தாள். தொழில் நன்றாகவே ஓடியது. “கல்யாணத்துக்குப் பாடறவங்களுக்கு மூணு மாசத்துக்கு முன்னால தெரியும். எனக்குக் காலைல போன் வந்தாத்தான் தெரியும்,” என்று வந்ததுமே சொல்லிவிட்டாள். பாடிக்கொண்டிருக்கும்போது போன் வந்தால் எழுந்து போய்விடுவாளாம்.

அவள் பாடும் முறை ஒன்று இருந்தது. சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பெண்ணைத் தனியே கூப்பிட்டுப் பத்துக் கேள்வி கேட்பாள். பேர் என்ன, என்ன வேலை, எதை விரும்பித் தின்றார், யாரோடு பேச்சு இல்லாமல் இருந்தார். மகளிடம் கேட்க மாட்டாள். மகள் அழுதுகொண்டே ஒன்றும் சொல்ல மாட்டாள். மருமகள்தான் கோர்வையாகச் சொல்வாள். ராகம் மட்டும் சென்னியம்மாளுடையது. மற்றதெல்லாம் அந்த வீட்டுச் சாமான். அதனால்தான் அவள் பாடினால் அந்த வீட்டில் கல்லும் அழும் என்று அவளிடம் இவர்களை அனுப்பி வைத்த ஆட்டோக்காரர் சொல்லியிருந்தார்.

“நானா ஒரு பேரச் சொல்லட்டுங்களா?” என்றாள் கோகிலவாணி. “முருகேசன்னு.”

“எந்த முருகேசன்? இந்த ஊர்லயே ஒம்போது முருகேசன் இருக்கறான். எவந்தலையில போய் உழுகும்? செத்தவங்க பேருதான் வேணும். உசுரோட இருக்கறவங்க பேரச் சொல்லி அழுவக் கூடாது. அவங்களுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது.”

முபஷிர் ஹெட்போனைக் கழற்றினான். “எங்க அத்தா இறந்து மூணு வருசம் ஆச்சுக்கா,” என்றான். சேலம் கோட்டைப் பக்கம் அவர்களுக்குத் துணிக்கடை. சொன்ன பிறகுதான் யோசித்தவன் போலத் தலையை ஆட்டினான். “ஆனா எங்கள்ல இப்படி பேர் சொல்லிக் கதறக் கூடாது. அம்மாவுக்குத் தெரிஞ்சா ரொம்ப சங்கடப்படுவாங்க.”

“அப்ப வேண்டாஞ் சாமி. அவங்கவங்க மொறை அவங்கவங்களுக்கு.”

கோகிலவாணியின் போன் அதிர்ந்தது. நிலவன். ‘அப்பாவுக்குப் பொண்ணு அழற மாதிரி. அந்த ஃபீல் வேணும். நாலு மணிக்குள்ள அனுப்பு.’ நிலவன் சென்னை சாலிகிராமத்தில் ஒரு வீட்டு மாடியில் ஸ்டுடியோ வைத்து, ஒரு மியூசிக் கம்பெனிக்குப் பாட்டு செய்து கொடுப்பவன். அடுத்த பாட்டுக்கு நிஜமான ஒப்பாரி வேண்டும் என்று இவர்களை இங்கே அனுப்பியது அவன்தான். சேலத்துக் கல்லூரி ஒன்றில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் இவர்கள் இருவரும், வேறு ஊர்களிலிருந்து நாலு பேரும் அவனிடம் இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்கு வந்திருந்தார்கள். கேபிள் சுற்றுவது, டீ வாங்குவது, பாட்டு விவரங்களைப் படிவத்தில் நிரப்புவது. ஆறு பேரில் ஒருத்தரை வேலைக்கு எடுத்துக்கொள்வேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தான். அது அவள் இல்லையென்றால் அவளுக்குப் புதுச்சத்திரம்தான். அங்கே மாமா ஒருவரின் நூல் மில் ஆபீஸில் ஒரு நாற்காலியை அவளுக்காகத் துடைத்து வைத்திருந்தார்கள்.

தாத்தாக்கள் இருவரும் அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்கள். பேர் தெரியும். பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குக்கூடப் பதில் தெரியாது.

பண்ணையில் சத்தம் அடங்கியது.

“எங்கப்பாங்க,” என்றாள். “பூபதி.”

முபஷிர் அவளைப் பார்த்தான். போன வாரம் அவள் அப்பாவோடு போனில் பேசியபோது அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

“ஐயோ சாமி. எப்ப?”

“தை மாசங் கடைசீங்க.” அது அவர் கடைசியாக வடக்கே வண்டி ஏறிய நாள்.

கேள்விகள் வந்தன. என்ன வேலை? போர் போடுற ரிக்கு வண்டிங்க, சத்தீஸ்கர் பக்கம். வருசத்துல எத்தனை மாசம் ஊட்ல இருப்பாரு? ரெண்டு மாசங்க, மழைக்காலத்துல. வரும்போது என்ன கொண்டாருவாரு? கம்பளிங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு கம்பளி. பரண் மேல ஆறு கெடக்குது, இந்த வெயில்ல யாரு போத்தறது? கையில காலுல எதாச்சும் அடையாளம்? வலது மோதிர விரல் பாதி இல்லீங்க, ராடு நசுக்கிடுச்சு. கோகிலவாணி கோர்வையாகச் சொன்னாள், ஒரு மருமகளைப் போல. இறந்த காலத்தில் சொல்ல அவளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. வீட்டில் அவரைப் பற்றி எப்போதுமே அப்படித்தான் பேசுவார்கள். வந்தார், இருந்தார், போனார்.

சென்னியம்மாள் கூந்தலை அவிழ்த்து முடிந்துகொண்டாள். ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். பிறகு வந்த குரல் அதுவரை பேசிக்கொண்டிருந்தவளுடையது இல்லை.

ஆறு கம்பளி கொண்டாந்தீரு, என்னெப் பெத்த பூபதியே,
அனலடிக்கும் ஊருக்கது ஆருக்குன்னு கேக்கலியே.
ஊருக்கெல்லாம் தண்ணி கண்டீரு, என்னெப் பெத்த பூபதியே,
உம்ம நாக்கு நனைக்க ஒருத்தரங்கே நிக்கலியே.

கோகிலவாணி அழுதாள். எதற்கு என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. முகத்தைத் திருப்பாமலே அழுதாள், மூக்கு உறிஞ்சினால் ரெக்கார்டில் விழும் என்பதால் வழிய விட்டாள். முபஷிர் ரெக்கார்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நிமிடம் நாலு விநாடி. ஒரே டேக். கடைசி வரி முடிந்து ஒரு நொடி கழித்துத்தான் பண்ணையில் முதல் கோழி கத்தியது.

சென்னியம்மாள் அவள் தலையைத் தடவிவிட்டு, போனில் தவறிய அழைப்புகளைப் பார்க்கப் போனாள்.

பஸ்ஸில் முபஷிர் நாமக்கல் வரைக்கும் ரெக்கார்டிங்கை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வந்தான். பிறகு, “அந்த அம்மாகிட்ட பொய் சொல்லிட்ட,” என்றான்.

“தெரியும்.”

“சரி.”



நிலவன் அந்தப் பாட்டைப் பதினைந்து முறை கேட்டான். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, ஒவ்வொரு முறையும் ‘பூபதியே’ வரும் இடத்தில் ஒரு விரலைத் தூக்கினான். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, நாலு முறை அடுக்கி, கீழே ஒரு தாளத்தை ஓட்டினான். துக்கம் போய் வேறு ஏதோ ஒன்று வந்தது. மற்ற இன்டர்ன்கள் தலையை ஆட்டினார்கள். கோகிலவாணியின் காலும் தன்னையறியாமல் தட்டியது. பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் முபஷிர், யாரும் கேட்காமலே, பேர் இல்லாத ஒரு வடிவத்தைச் செய்து வைத்தான். ‘பூபதியே’ இருந்த இடத்தில் ‘என்னெப் பெத்த’ என்பதையே நீட்டியிருந்தான். வேலை சுத்தமாக இருந்தது. நிலவன் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டான்.

“உப்பில்லாத சோறு மாதிரி இருக்குடா. அந்தப் பேர்லதான் எல்லாமே இருக்கு. யாரோ ஒரு பூபதி. ஆனா கேக்கறவனுக்கு அவனோட அப்பன் ஞாபகம் வரும்.” கோகிலவாணியின் பக்கம் திரும்பினான். “உனக்குக் காது இருக்கு. கடைசி பரீட்சை முடிஞ்சதும் இங்க வந்துடு. வெள்ளிக்கிழமை ரிலீஸ். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. அந்தச் செத்தவர் குடும்பத்துல ஒருத்தர்கிட்ட கையெழுத்து வாங்கிடு. நாளைக்கு எவனும் கேஸ் போடக் கூடாது.”

படிவத்தை அவளேதான் அச்சடித்தாள். ‘மறைந்த’ என்று தொடங்கி ஒரு புள்ளிக்கோடு. அடுத்து ‘அவர்களின்’ என்று போட்டு இன்னொரு புள்ளிக்கோடு. ‘ஆகிய எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை.’ ஹாஸ்டலில் கட்டிலில் உட்கார்ந்து முதல் கோட்டில் பூபதி என்று எழுதினாள். இரண்டாவது கோட்டில் மகள் என்று எழுதினாள். எதுவும் பொய் இல்லை, முன்னால் அச்சடித்திருந்த ஒரு வார்த்தையைத் தவிர. கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது. கையெழுத்துப் போடாமலே அந்தக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் ஸ்டுடியோவின் படிக்கட்டில் முபஷிர் அவளை நிறுத்தினான். “நீயே நிலவன் அண்ணன்கிட்ட சொல்லிடு. நான் சொன்னா அந்த வேலைக்காகச் சொன்னேன்னு ஆயிடும்.”

“உனக்கும் அந்த வேலை வேணுந்தான?”

“வேணும். யாருக்கு வேணாம்?” என்றான். “அதனாலதான் சொல்றேன், நீயே சொல்லு.” தன் ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தான். “இதுல கேக்க வை. போன்ல போட்டா ஒண்ணும் விளங்காது.” யாரைக் கேட்க வைக்கச் சொல்கிறான் என்று அவன் சொல்லவில்லை.

ஆடி மாதம். வடக்கே மழை பிடித்துவிட்டதால் ரிக்கு வண்டிகள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அப்பா வந்து நாலு நாள் ஆகிறது என்று அம்மா சொன்னாள். வீட்டில் இரண்டு இரவுதான் தங்கினாராம். பிறகு வண்டி சர்வீஸ் என்று திருச்செங்கோட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். வியாழக்கிழமை காலை கோகிலவாணி நேராக அங்கே போய் இறங்கினாள்.

திறந்தவெளிப் பட்டறை. எட்டுப் பத்து வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றின் மேலும் ஒவ்வொரு தேசத்து மண். பழுப்பு, சிவப்பு, சாம்பல். பூபதி ஒரு டயரின் மேல் உட்கார்ந்து, மண்ணெண்ணெய்த் தட்டில் போல்ட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். முன்பு பார்த்ததைவிட இளைத்திருந்தார். அவளைக் கண்டதும் எழவில்லை. கழிவுப் பஞ்சை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

“வா சாமி. லீவா?”

“இல்லீங்கப்பா. ஒரு வேலையா வந்தேன்.”

“சாப்புட்டயா?”

“ஆச்சுங்க.”

“அந்தப் பாட்டுக் கம்பெனி எப்படி?”

“வேலைக்கு எடுத்துக்கறேன்னு சொல்றாங்க.”

“அட.” அவர் முகம் விரிந்தது. “மெட்ராஸ்லயே இருந்துக்குவயா?”

“அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு கேக்கோணுங்கப்பா.”

பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். முதலில் சென்னியம்மாள் கேட்ட கேள்வி, அப்புறம் தான் சொன்ன பதில், அப்புறம் வெள்ளிக்கிழமை. நீங்கள் வேண்டாம் என்றால் பேரை எடுத்துவிடச் சொல்கிறேன், என் வேலை போனாலும் பரவாயில்லை என்று கடைசியில் சொல்ல வேண்டும். இப்போது அதையெல்லாம் விட்டுவிட்டு ஹெட்போனை நீட்டினாள். அவர் அதை எப்படி மாட்டுவது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளே மாட்டிவிட்டாள். தலையில் மண்ணெண்ணெய் நாற்றம்.

தாளம் போட்டது வேண்டாம் என்று, ஷெட்டில் எடுத்த அந்த ஒரே டேக்கைத்தான் வைத்தாள்.

“நீ பாடுனதா?” என்றார், தேவைக்கு மேல் சத்தமாக.

இல்லை என்று தலையாட்டினாள். சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். கூட்டினாள்.

பாட்டு அவளுக்கு வெளியே கேட்கவில்லை. போனில் ஓடும் விநாடிகளைத்தான் பார்க்க முடிந்தது. எந்த விநாடியில் என்ன வரும் என்று அவளுக்கு மனப்பாடம். பத்தாவது விநாடியில் கம்பளி. பதினாலில் பேர். பதினாலில், பஞ்சைப் பிசைந்துகொண்டிருந்த விரல்கள் நின்றன. அவர் அவளைப் பார்க்கவில்லை. தட்டில் மூழ்கிக் கிடந்த போல்ட்டுகளைப் பார்த்தார். ஐம்பதாவது விநாடியில் மோதிர விரல் வந்தபோது, பாதி இல்லாத அந்த விரலை மற்றக் கையால் மூடிக்கொண்டார். கோபம் வரும் என்று காத்திருந்தாள். அழுவாரோ என்றும் நினைத்தாள். இரண்டும் வரவில்லை. யாரோ வழி சொல்லும்போது கவனமாகக் கேட்டுக்கொள்வது போல முகம் இருந்தது.

மூன்று நிமிடம் நாலு விநாடி முடிந்தது.

அவள் வாயைத் திறந்தாள். அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. ஆள்காட்டி விரலைத் தூக்கி ஒரு வட்டம் போட்டார். இன்னொரு முறை.

மறுபடியும் ஓடவிட்டாள். போனின் மேல்விளிம்பில் நிலவனின் செய்தி இறங்கியது. ‘கையெழுத்து ஆச்சா?’ அதை விரலால் மேலே தள்ளிவிட்டாள்.

பக்கத்து வண்டியின் மேலிருந்து ஒருத்தன் எட்டிப் பார்த்தான்.

“பூபதிண்ணா, அந்த இருவத்திரெண்டு ஸ்பேனர எடுத்துப் போடுங்க.”

ஸ்பேனர் அவர் காலடியில்தான் கிடந்தது. அவர் அசையவில்லை.

“அண்ணா, உங்களத்தான். பூபதிண்ணா.”

வண்டிக்கு அடியில் படுத்திருந்தவனும் தலையை நீட்டிப் பார்த்தான். மேலே நின்றவன் ஒரு பழைய நட்டை எடுத்து வீசினான். அது தட்டில் விழுந்து மண்ணெண்ணெய் தெறித்தது. வேட்டியில் பட்டது. “பூபதி,” என்று கையைக் குவித்துக் கத்தினான்.

அவர் திரும்பவில்லை. கறுத்த இரண்டு கைகளையும் தூக்கி, ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.