டாய்ல் சொன்ன வைத்தியம்

முதல் உறைபனியில் மிச்சிகன் தோட்டங்களெல்லாம் கருகிப்போயிருந்தன. தனியாக வாழும் வெர்னா அடுத்த வருஷம் நடுவதற்காக டேலியாப் பூச்செடிகளின் கிழங்குகளைத் தோண்டிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் டாய்ல் இலைகளை வாரிக்கொண்டிருந்தார்.

"மண்ணை நல்லா உதறுங்க, வெர்னா. போன வருஷம் பாதி அழுகிப்போச்சுல்ல?"

"உங்க வேலையப் பாருங்க."

"கோபம் எதுக்கு? ராத்திரியெல்லாம் டிவில நியூஸாக்கும்! சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குது. தேர்தல் முடியற வரைக்கும் அந்தச் சனியனை நிறுத்துங்க. நான் நிறுத்தினதும் பிரஷர் தானா இறங்கிடுச்சு."

"உங்களுக்கென்ன, ஓட்டை முன்னாடியே போட்டாச்சு. குளிருக்குத் தப்பிச்சு நாளைக்கு ஃபுளோரிடா."

"ஏப்ரல்ல வந்துடுவேன்."

"வாங்க, வாங்க. நானா தடுக்கறேன்?"

கிழங்குகளை மரத்தூளில் புதைத்து நிலவறையில் வைத்துவிட்டு வந்தவள், டாய்ல் சொன்னபடியே டிவியை நிறுத்தினாள். அவர் பேச்சைக் கேட்டு என்ன நன்மை கண்டாள்? ஃபிரிட்ஜின் முனகல் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

டிவியை மறுபடி போட்டாள். அவளுக்கு அறவே பிடிக்காத அந்த வேட்பாளர் மேடையில் கத்திக்கொண்டிருந்தான்.

"புளுகாதடா!" என்று அதட்டிவிட்டு, சூப்புக் கிண்ணத்தோடு அவனுக்கு எதிரே சாப்பிட உட்கார்ந்தாள்.