கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் இடம்

புதிய பூங்காவைத் திறந்து வைத்த மேயரால் அதற்குள் நுழைய முடியவில்லை. கிழக்கு வாசலில் நாடாவை வெட்டி, கைதட்டலுக்குத் தலையாட்டிவிட்டு, காலை எடுத்து உள்ளே வைத்தார். வைத்த கால் மேற்கு வாசலுக்கு வெளியே, கறிக்கடைக்கு முன்னால் தேங்கியிருந்த குட்டையில் இறங்கியது. கத்தரிக்கோல் கையில் அப்படியே இருந்தது. அவருக்குப் பின்னால் வந்த கமிஷனர், கமிஷனரை ஒட்டி வந்த கான்ட்ராக்டர், பேண்டு வாத்தியக்காரர்கள் எல்லோரும் அதே வழியாக அதே குட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல வேண்டியவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு உள்ளே போக முடிந்தவர்கள் சிலர்தான்: காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடும் ஓர் ஒல்லிப் பெண், கைகோத்த ஓர் இளம் ஜோடி, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிய ஒரு தாய், தோல்பெட்டி தூக்கிய மருந்துக் கம்பெனி விற்பனையாளர், நாயைச் சங்கிலியில் பிடித்திருந்த பல் டாக்டர். ஊரில் நாய்க்குப் பஞ்சமில்லை. சங்கிலி போட்ட நாய் அது ஒன்றுதான். அந்த நாயின் தயவில் பல் டாக்டர் ஒரு மழைக்காலம் முழுக்கப் பூங்காவை அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி அனுபவித்தார். கம்பிவேலிக்கு வெளியே நின்று ஜனங்கள் அவரைத் திட்டினார்கள். அவருடைய ஆஸ்பத்திரி ஈ ஓட்ட ஆரம்பித்தது. பல்வலியோடு செத்தாலும் சாவோமே தவிர அவனிடம் வாயைத் திறக்க மாட்டோம் என்று தெருவே முடிவு செய்திருந்தது.

இந்தப் பூங்காவை வரைந்தவருக்கு ஊர் வைத்த பெயர் அளவுகோல். டயர் கடைக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம். பூங்கா வருவதற்கு முன்னால் அந்த இடம் வெறும் திடலாக இருந்தது. லாரிகள் நின்றன, துணி காய்ந்தது, பந்து உருண்டது. ஓரத்தில் உடைந்துபோன தண்ணீர்த் தொட்டியின் மேடையில் நான்கு பேர் நாள் தவறாமல் சீட்டாடினார்கள். அளவுகோல் எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டுப் புல்லும் நடைபாதையும் போட்டார். பெஞ்சுகளைப் பற்றி மாநகராட்சியில் அவர் கொடுத்த விளக்கத்தில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. யாரும் படுக்காமலிருக்க நடுவில் இரும்புக் கைப்பிடி, வெகுநேரம் உட்காராமலிருக்க முன்பக்கம் லேசான சரிவு, சீட்டு விரிக்காமலிருக்கப் பலகைக்கும் பலகைக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. ஜனங்கள் வருவதற்காகப் பூங்கா கட்டுகிறவர்கள் உண்டு, ஜனங்கள் போவதற்காகக் கட்டுகிறவர்களும் உண்டு. இவர் இரண்டாவது ரகம். மாநகராட்சி அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தது. தெர்மோகோலும் பச்சைச் சாயம் தோய்த்த பஞ்சும் வைத்து அவர் செய்த பூங்காவின் மாடலைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு மாநகராட்சிக் கூடத்தில் வைத்தார்கள். மாடலுக்குள் நடமாடுவதற்குக் கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் மனிதர்களை வாங்கி ஒட்டியிருந்தார். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பாக்கெட்டில் வரும் மனிதர்கள் எல்லோரும் ஒல்லி, எல்லோருக்கும் எங்கோ போக வேண்டியிருக்கிறது.

அந்த மாடலில்தான் விஷயம் இருக்கிறது என்பது கவுன்சில் கூட்டத்தில் நடந்த அடிதடியில் தெரியவந்தது. பூங்காவுக்குள் போகப் பார்த்துக் குட்டையில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட கவுன்சிலர் ஒருவர், மேயரைக் குறிபார்த்துப் பேனா ஸ்டாண்டை வீசினார். அது மேயரைத் தவிர எல்லாவற்றின் மீதும் பட்டது. கண்ணாடி உடைந்து, தோல்பெட்டி தூக்கிய குட்டி மனிதன் எகிறிப் போய் மேயரின் டீக்கோப்பையில் விழுந்தான். சற்று நேரத்தில் மருந்துக் கம்பெனி விற்பனையாளர் உடம்பெல்லாம் டீ வாசனையோடு வந்து நின்று, தன்னை யாரோ பூங்காவிலிருந்து தூக்கி வெளியே எறிந்துவிட்டதாகப் புகார் சொன்னார். மேயர் சுறுசுறுப்பானவர் இல்லை, ஆனால் முட்டாளும் இல்லை. குட்டி மனிதனைக் கோப்பையிலிருந்து எடுத்துத் துடைத்துப் பழைய இடத்திலேயே நட்டார். விற்பனையாளர் போய்ப் பார்த்தார், போக முடிந்தது. மாடலில் இருப்பவர்கள் உள்ளே, இல்லாதவர்கள் வெளியே என்று அன்று மாலையே ஊருக்குத் தெரிந்துவிட்டது. இதில் யாரும் ஆச்சரியப்படவில்லை. கோபம்தான் பட்டார்கள்.

மறுநாள் காலையில் டயர் கடைப் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. சுற்று வட்டாரத்தில் உள்ள அத்தனை பேருக்கும் உருவம் செய்து மாடலில் வைக்க வேண்டும் என்று கவுன்சில் உத்தரவு போட்டிருந்தது. அளவுகோல் வேறு வழியில்லாமல் மெழுகும் ஊசியும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வந்தவர்கள் நன்றியோடு வரவில்லை. விரல்கணு உயரத்துக்கு இருக்கும் உருவத்தில் "என் மூக்கு இதுவா?" என்று சண்டை போட்டார்கள். டியூஷன் வாத்தியாரம்மா தன்னைக் கொஞ்சம் ஒல்லியாக வைக்கச் சொல்லி மிரட்டினாள். அதற்குப் பிறகு பூங்காவுக்குள் ஒல்லியாகவும் வெளியே வந்ததும் பழையபடியும் இருந்தாள். பங்காளிச் சண்டையில் இருந்த ஓர் ஆள், தன் அண்ணனின் உருவத்தைக் கழிப்பறைச் சுவரைப் பார்த்து வைக்கும்படி ரகசியமாகக் கேட்டுக்கொண்டான். அண்ணன் பாவம், பூங்காவுக்குப் போன போதெல்லாம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். காத்திருந்தவர்கள் பொறுமையிழந்து டயர் கடைக்காரரைத் தூண்டிவிட, அளவுகோலின் வண்டியில் தினமும் காற்று இறங்கியிருந்தது. கடைக்காரரே காற்றும் அடித்துக்கொடுத்தார். ஒருவரையொருவர் பிடுங்கி எறியாமலிருக்கப் பெட்டிக்குப் பூட்டுப் போட வேண்டியதாயிற்று. ஒரே இடத்தில் இரண்டு உருவம் வைத்தால் இரண்டு பேரும் உள்ளே கட்டிப் புரண்டார்கள் என்பதால், ஓர் இடத்துக்கு ஓர் ஆள்தான் என்றும் உத்தரவு வந்தது.

அளவுகோலின் அப்பாவுக்கு மட்டும் உருவம் இல்லை. அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தொட்டி மேடையில் சீட்டாடிய நான்கு பேரில் ஒருவர். மகன் கல்லூரி விடுமுறையில் வந்திருந்த சமயம், அம்மாவுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது என்று திடலுக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டான். இந்த ஆட்டம் முடியட்டும் என்றார் அப்பா. ஆட்டம் முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது அம்மா இல்லை. அன்றிலிருந்து அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். சொல்ல வேண்டியதைப் பிற்பாடு வந்த மருமகள் வழியாகச் சொல்லிக்கொண்டார்கள். பிளாஸ்டிக் மனிதர்கள் வந்த பாக்கெட்டில் உட்கார்ந்த நிலையில் ஒரு கிழவன் இருந்தான் என்பதும், அவனை மட்டும் அளவுகோல் எடுத்து ஜன்னல் வழியாக வீசினார் என்பதும் மருமகளுக்குத் தெரியும். பூங்காவே அந்த மேடையை இல்லாமல் ஆக்குவதற்காகப் போட்டது என்று பெரியவருக்குத் தெரியும். சீட்டாடிய மற்ற மூவருக்கும் உருவம் கிடைத்துவிட்டது. பழைய மேடை இருந்த இடத்தில் இப்போது ஒரு பெஞ்சு. மூவரும் பலகை இடைவெளிக்கு மேல் துணியை விரித்து, நாலாவது கை இல்லாமல் அரைகுறையாக ஆடினார்கள். நாலாவது இடத்தை அளவுகோல் காலியாகவே வைத்திருந்தார். பெரியவர் தினமும் சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு கிழக்கு வாசலில் நுழைந்தார், மேற்கு வாசலில் குட்டையில் இறங்கினார், வேட்டைக்குப் போய்வந்தவர் போல முழங்கால்வரை சேற்றோடு வீட்டுக்கு வந்து கூடத்தில் வேண்டுமென்றே நடந்தார். சேற்றைத் துடைத்தவள் மருமகள்தான்.

"மாமாவை வெச்சிடுங்களேன். நாலு வருஷமா நான்தான் தரையைத் துடைக்கிறேன்," என்றாள் அவள் புருஷனிடம்.

"அவர் வாயைத் திறந்து கேக்கட்டும்."

"அவன்கிட்ட நான் கேக்கணுமா?" என்றார் பெரியவர், பக்கத்து அறையிலிருந்து, சுவரைப் பார்த்து.

இப்படியே வருஷங்கள் ஓடின. சீட்டாடிய மூவரும் உள்ளேயிருந்து கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். பிறந்த குழந்தைகள், குடிவந்தவர்கள், கல்யாணமாகி வந்தவர்கள் என்று மாடலில் உருவங்கள் நெருங்கி, ஊசி குத்த இடமில்லாமல் ஆயிற்று. மிச்சமிருந்தது அந்த பெஞ்சின் ஓரம் ஒன்றுதான். அதைக் கேட்டு மேயரின் மச்சானே வந்தார், அளவுகோல் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மனமில்லை, வைக்கவும் மனமில்லை. ஊர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொந்த அப்பனுக்கே இடம் கொடுக்காதவன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். தனக்கு எந்த இடத்தையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. பூங்காவை வரைந்தவரும் அதில் கால் வைத்ததில்லை. கடைசியில் மேயர் கெடு வைத்தார்: மாதம் முடிவதற்குள் அந்த இடம் நிரம்பாவிட்டால் மச்சானுக்குப் போய்விடும். அந்தச் செய்தி வந்த அன்று வீட்டில் அப்பா, மகன், மருமகள் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா," என்று பெரியவர் மருமகளைப் பார்த்துச் சொன்னார். "அவன்கிட்ட சொல்லு. எனக்கு அந்த இடம் வேண்டாம். உன் மாமியாரை அங்க வைக்கச் சொல்லு."

மருமகள் மாமியாரைப் பார்த்ததே இல்லை. கையில் கரண்டியோடு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"செத்தவங்களை வைக்க முடியாதுன்னு சொல்லு," என்றார் அளவுகோல்.

"எந்தச் சட்டத்துல இருக்குன்னு கேளு."

"எந்தச் சட்டத்துலன்னு கேக்கறார்."

அளவுகோல் பாதியில் எழுந்து கை கழுவினார். அப்பா தன் இடத்தைக் கேட்டிருந்தால் கொடுக்க மறுக்கலாம், மறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று இத்தனை வருஷம் காத்திருந்தவருக்கு, இதை எப்படி மறுப்பது என்று தெரியவில்லை. அலுவலகத்துக்குப் போய் மெழுகை எடுத்தார். யாருக்கும் அவ்வளவு மெனக்கெட்டதில்லை. அம்மாவின் தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கும், அடுப்படியில் குனிந்து நின்று நின்று வந்தது; அதைக்கூட விடாமல் செய்தார். பெஞ்சின் ஓரத்தில் ஒட்டும்போது அவர் அழுதார் என்று பெட்டியின் சாவி வைத்திருந்த காவலாளி சொன்னான். காவலாளி பொய் சொல்கிறவன்தான், ஆனால் இதில் அவனுக்கு ஒரு லாபமும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் அம்மா அங்கே உட்கார்ந்திருந்தாள். செத்த வயதிலேயே இருந்ததால் இப்போது மகனைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள். சீட்டாடிய மூவரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள், பிறகு நாலாவது கைக்குக் கூப்பிட்டார்கள். சும்மா உட்காரத்தான் வந்தேன் என்றாள். சரிவான பெஞ்சில் சரியாமல், காலை நீட்டி, செருப்பைக் கழற்றி, ஓடுகிறவர்களையும் நாயையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா கம்பிவேலியின் இந்தப் பக்கம் வந்து நின்றார். சற்றுத் தள்ளி மகன் வந்து நின்றார். தன்னைத் தேடுவாள் என்று இருவருமே நினைத்திருந்தார்கள். அவள் யாரையும் தேடவில்லை. வெகுநேரம் கழித்துத் தற்செயலாகத் திரும்பி, கம்பிக்குப் பின்னால் இரண்டு முகங்களைப் பார்த்தாள். முகத்தில் லேசான எரிச்சல் வந்தது.

"சாப்பாடு மூடி வெச்சிருக்கு. ரெண்டு பேரும் போட்டுச் சாப்பிடுங்க," என்றாள். "நான் இப்ப வரலை."

சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அவள் வருவது வழக்கமாகிவிட்டது. ஊரில் அதைப் பற்றி யாரும் தனியாகப் பேசுவதில்லை. மாமியார் பெஞ்சு என்றால் எது என்று எல்லோருக்கும் தெரியும், அந்தப் பக்கம் பந்தடிக்கக் கூடாது என்பதும் தெரியும். முதல் வாரத்திலேயே மருமகள் அங்கே போனாள். அவளுடைய உருவம் நடைபாதை ஓரத்தில் எத்தனையோ வருஷமாக நின்றுகொண்டிருந்தது, போக நேரம் கிடைத்ததில்லை. முன்பின் பார்த்திராத மாமியாருக்கு எதிரே புல்லில் உட்கார்ந்தாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்ததைக் கம்பிக்கு வெளியே நின்ற இரண்டு ஆண்களும் பார்த்தார்கள். எதைப் பற்றிச் சிரிக்கிறார்கள் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது, அது பிடிக்கவும் இல்லை. இருட்டிய பிறகும் மருமகள் எழுந்திருக்கவில்லை.

இருவரும் தனித்தனியாக நடந்து வீட்டுக்கு வந்தார்கள். மேஜை மேல் சாப்பாடு மூடி வைத்திருந்தது. போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெரியவர் ஒரு வாய் வைத்துவிட்டு, பழக்கத்தில் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. பிறகு மகனைப் பார்த்தார்.

"உப்பு எங்க இருக்கு?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்," என்றார் மகன்.

இருவரும் எழுந்து அடுப்படிக்குப் போய், ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார்கள். இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாதா என்று ஒருவர் கேட்க, உங்களுக்குத் தெரியுமா என்று மற்றவர் கேட்க, குரல் உயர்ந்து பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. உப்பு கிடைக்கவில்லை. ஆறிப்போன சாப்பாட்டை உப்பில்லாமலே சாப்பிட்டார்கள், சாப்பிடும்போதும் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள்.