கிசோப்புக்கு எடுத்து வைத்த சோறு

என் மனைவி பில்ஜாவுக்கு அரசியல் என்றாலே ஆகாது. சியோலில் பல்கலைக்கழகத்துக்குப் பின்சந்தில், மாணவர்களுக்குச் சாப்பாட்டோடு அறை விட்டுப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. நாட்டை ஜெனரல் ஆண்டால் என்ன, ஜெனரலின் மாமியார் ஆண்டால் என்ன, பையன்கள் வேளைக்குச் சாப்பிட்டுப் பாஸாக வேண்டும். அவ்வளவுதான் அவள் கட்சி. ஊர்வலம் போய்க் கண்ணீர்ப்புகை நெடியோடு திரும்புகிறவனை வாசலிலேயே நிறுத்தி, சட்டையை உதறச் சொல்லி, உதறி முடிக்கும்வரை திட்டுவாள். புகையின் எரிச்சல் தெரியாமலிருக்கக் கண்ணுக்குக் கீழே பற்பசை பூசிக்கொண்டு போவார்கள். "பல்லத் தேய்க்கக் குடுத்தா மூஞ்சில பூசிக்குதுங்க" என்பாள். திட்டிக்கொண்டே இரண்டாம் தடவை சோறு வைப்பாள்.

எல்லாப் பையன்களும் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் கிசோப் கூப்பிட்டால் மட்டும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுத் திரும்புவாள். எலும்பும் தோலுமான பையன், அதிர்ந்து பேசத் தெரியாது. மாணவர் சங்கத்தின் துண்டறிக்கைகளை எழுதுகிறவன் அவன்தான் என்பது போலீஸ் தேடி வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அந்த 1987 ஜனவரியில் ஒரு மாணவன் விசாரணை அறையிலேயே செத்துப்போயிருந்தான். கிசோப் தலைமறைவாகி, பல்கலைக்கழக வளாகத்துக்குள் எங்கோ படுத்துக் கிடந்தான். பிடிபட்டால் அவன் கதியும் அதுதான். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பில்ஜா மட்டும் இளைத்துக்கொண்டே போனாள்.

மார்ச் பிறந்தும் குளிர் விடவில்லை. ஒருநாள், அன்று இருட்டியதும் வந்து, சாப்பிட்டு, மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு போவதாக, பக்கத்து அறை மாணவன் மன்பேயிடம் கிசோப் சொல்லி அனுப்பினான். எங்கள் வீடுகளில் கரி அடுப்பின் சூடு தரைக்கடியில் ஓடும். அடுப்புக்குக் கிட்டே இருக்கிற மூலைதான் நல்ல கதகதப்பு. வீடு திரும்பவேண்டியவனுக்குச் சோற்றைக் கிண்ணத்தில் போட்டு மூடி, அந்த மூலையில் போர்வைக்கடியில் வைப்போம். எப்போது எடுத்தாலும் சுடச்சுட இருக்கும். பில்ஜா அப்படி வைத்தாள். நாங்கள் சாப்பிட்டு முடித்தோம்.

கதவு தட்டப்பட்டது. வந்தவர் பியோன், மஃப்டி போலீஸ்காரர். ஏற்கெனவே வந்து கிசோப்பின் அறையைக் குடைந்துவிட்டுப் போனவர். இந்தத் தடவை அறைப்பக்கமே போகவில்லை. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றார். காத்திருக்கப் போகிறார் என்று புரிந்துவிட்டது.

என் மனைவி பயத்தில் என்ன செய்தாள் தெரியுமா? வீட்டுக்கு வந்தவர் வேண்டாதவரே ஆனாலும் கதகதப்பான மூலையில் உட்காரவைப்பது எங்கள் வழக்கம். அவள் கை தானாக அந்த மூலையைக் காட்டியது. "குளிர்ல வந்திருக்கீங்க, அங்க உக்காருங்க" என்று வாயும் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் முகம் வெளுத்தது. அதற்குள் அவர் போர்வைக்குள் காலை நீட்டியாயிற்று. கிண்ணம் ணங்கென்றது.

பியோன் அதை வெளியே எடுத்து மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இது யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு" என்றாள் பில்ஜா.

நான் அப்போதுதான் வயிறு முட்டத் தின்றுவிட்டு பெல்ட்டைத் தளர்த்தியிருந்தேன். பியோன் கிண்ணத்தை என் முன்னால் நகர்த்தினார். "அப்ப சாப்பிடுங்க, ஆறிடும்."

மன்பே சமர்த்து. எரிந்து முடிந்த கரிக்கட்டியை இடுக்கியில் தூக்கிக்கொண்டு, கொட்டிவிட்டு வருவதாகச் சொல்லி நழுவினான். சந்து முனையில் கிசோப்பைத் தடுத்துத் திருப்பி அனுப்பத்தான் போகிறான். அதுவரை நான் பசித்தவனாக இருந்தாகவேண்டும்.

சாப்பிட்டேன். பாதியில் கரண்டியில் ஏதோ தட்டுப்பட்டது. மற்ற பையன்கள் கண்ணில் படாமல் சோற்றுக்கடியில் புதைத்து வைத்த ஒரு பொரித்த முட்டை! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு இவள் எதையும் புதைத்துக் கொடுத்ததில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண் கெஞ்சியது. பியோன் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தெனமும் முட்டையா?"

"என் பொண்டாட்டிக்கு என்மேல பாசம் ஜாஸ்தி சார். பசங்ககிட்ட சொல்லிடாதீங்க, சண்டைக்கு வருவானுங்க."

மனிதர் சிரித்துவிட்டார். கடைசிப் பருக்கைவரை தின்றேன். மன்பே வெறும் இடுக்கியோடு திரும்பி வந்து, எனக்கு மட்டும் தெரியும்படி தலையசைத்தான். பியோன் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு, நாளைக்கும் வருவேன் என்று சொல்லிப் போனார்.

பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ காலிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, பையன் எப்படி இருக்கிறான் என்று மன்பேயைக் கேட்டாள். நடுங்கிக்கொண்டு நின்றானாம். சித்தி இன்றைக்கு என்ன சமைத்தாள் என்று மட்டும் கேட்டானாம். கேட்டுவிட்டு வந்த வழியே போய்விட்டானாம்.

பில்ஜா அழவில்லை. எழுந்து உலை வைத்தாள். சோறு வெந்ததும் கிண்ணத்தில் போட்டு, துணியில் சுற்றி வயிற்றோடு கட்டி, மேலே என் கோட்டை மாட்டிக்கொண்டாள். போலீஸ் நிற்கிறது என்று பல்கலைக்கழக வாசல் பக்கமே போகாதவள், அங்கே கேடயம் பிடித்து நின்ற போலீஸ் வரிசைக்கு நேரே போனாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஒரு இளம் போலீஸ்காரன் வழிமறித்தான். தான் பிள்ளைத்தாய்ச்சி, உள்ளே இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றாள். அவன் அவள் நரையைப் பார்த்தான். "எனக்கே வெக்கமாத்தான் இருக்கு, வழி விடு தம்பி" என்றாள். அவன் காது சிவந்து ஒதுங்கினான்.

மன்பே சொல்லியிருந்தபடி, மாணவர் சங்கக் கட்டிடத்தின் மேல்மாடி அறை ஒன்றில், செய்தித்தாள் விரித்துப் படுத்திருந்தான் கிசோப். அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தான். அவள் திட்டவில்லை. கிண்ணத்தைத் திறந்து கையில் கொடுத்தாள். அவன் குனிந்து அவசர அவசரமாகத் தின்றான். அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தவள், நாளைக்கு ஊர்வலம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

"சித்தி, அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

"என் பிள்ளைக்கு என் வீட்டுல வெச்சு ஒரு வாய் சோறு போட முடியல. அந்த ஜெனரல் என்கிட்டேருந்து இன்னும் என்னடா புடுங்கணும்?"

கிசோப் வாய் நிறையச் சோற்றோடு அழுதான். எனக்கும் தாங்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மணி கேட்டேன்" என்றாள் பில்ஜா.