மூன்று வருஷ எக்ஸ்போஷர்

தங்கையின் முகத்திலிருந்து கிளம்பிய வெளிச்சம் அக்காவின் கேமராவுக்குள் வந்துசேர மூன்று வருஷம் பிடித்தது. அதற்குள் அந்தத் தெருவில் ஒரு சலூன் மூடி, இரண்டு செல்போன் கடைகள் திறந்திருந்தன.

அக்கா ஸ்டூடியோ வைத்திருந்தாள். ஸ்டாண்டில் நிற்கும் பெரிய மரக் கேமரா. கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பார்த்தால் பின்கண்ணாடியில் ஆட்கள் தலைகீழாகத் தெரிவார்கள். ஃபிலிம் வைக்கிற இடத்தில் செருகி, லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சத்தை மட்டும் அளக்கும் மீட்டர் ஒன்றும் இருந்தது. அம்மா இறந்ததிலிருந்து அக்காவோடு பேசாத தங்கை, வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் ஒரு படம் வேண்டுமென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கன்னத்தருகே கை மீட்டரைப் பிடித்தால் வெளிச்சம் ஏராளம். உள்ளே இருந்த மீட்டரின் முள் மட்டும் மயிரிழைகூட நகர யோசித்தது. அக்கா லென்ஸைத் துடைத்தாள், திரையை விலக்கினாள், தபால்காரரைப் பிடித்து உட்காரவைத்துப் பார்த்தாள். அவருக்கு முள் துள்ளியது.

"வெளிச்சம் உன் கன்னத்துல இருக்கு. இங்க வரமாட்டேங்குது."

"எப்படி வரும்? அம்மா மூச்சு அடங்கினப்ப நீ இந்தத் துணிக்குள்ளதானே இருந்தே?"

அக்கா மறுபடி முள்ளைப் பார்த்தாள். கணக்குப் போட்டாள், லென்ஸை ஐந்து வருஷம் திறந்து வைக்க வேண்டும் என்று வந்தது.

"அதுவரைக்கும் அசையாம உக்காரணுமா?"

"வேணாம், வந்து போ. வந்து போறது எதுவும் படத்துல விழாது. நிலைச்சு நின்னதுதான் விழும்."

படம் இல்லாமல் போவதில்லை என்று தங்கை வீம்பு பிடித்து வேலையை உதறினாள். ஃபிலிம் உள்ளே போனபின் மீட்டரைச் செருக வழியில்லை, கண்ணாடியில் பார்க்கவும் ஒன்றுமில்லை. அக்கா கறுப்புத் துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, தங்கைக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். வெளிச்சம் வருகிறதா இல்லையா என்ற கவலை அவளை அரித்தது. முதல் வருஷம் முழுக்கச் சண்டை. அடுத்த வருஷம் பாதிச் சண்டை, பாதித் தூக்கம். மூன்றாம் வருஷம் ஒரு மத்தியானம் தபால்காரரின் நடையைச் செய்துகாட்டிச் சிரித்துக்கொண்டிருந்த தங்கை, சிரிப்பிலேயே அழ ஆரம்பித்தாள்.

"அம்மா கடைசியா உன்னைத்தான் கேட்டா, அக்கா."

"தப்பு என்னோடதுதான்" என்று எழுந்துபோய் அவள் தோளில் கை வைத்தாள் அக்கா.

"போதும், லென்ஸை மூடு."

"இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு."

"வந்துடுச்சுங்கறேன்."

ஃபிலிமைக் கழுவிப் படம் போட்டுப் பார்த்தபோது சுவரும் நாற்காலியும் வெளிச்சம் தின்று வெள்ளையாகிப் போயிருந்தன. தங்கை தெளிவாக இருந்தாள். அவள் தோளில், நகம் வரை துல்லியமாக, அக்காவின் கை. அது அங்கே இருந்தது ஒரு நிமிஷம்தான். இருவரும் அதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஃபிரேம் கறுப்பா பழுப்பா என்பதில்தான் மறுபடி சண்டை வந்தது.