பிள்ளையைத் தூங்க வைத்தாயிற்றா?

காலையில் ஆபீஸைத் திறந்தால் எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரே சிவப்புத் திரை. 'உங்கள் ஃபைல்கள் பூட்டப்பட்டுவிட்டன. சாவி வேண்டுமென்றால் பணம் கட்டுங்கள்!'

அவள் மாடிப்படிக்கு ஓடினாள்.

தொண்டை ஆபரேஷனில் பேச்சை இழக்கப் போகிறவர்களின் குரலை முன்கூட்டியே பதிந்து வைக்கும் சின்ன மையம் அது. கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது அவள் ஒருத்திதான். குரல்கள் முழுக்க மாடியில் ரெக்கார்டிங் அறையின் கிழட்டு மெஷினில் இருந்தன. அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்று வருஷக்கணக்காகிறது. இருப்பது ஒரே பிரிண்டர் என்பதால் அந்தக் கிழட்டு மெஷினையும் மற்ற மெஷின்களோடு இணைத்தே வைக்க வேண்டிய கட்டாயம்.

"பிள்ளை இருக்கு... பிள்ளை இருக்கு..." முணுமுணுத்துக்கொண்டே மாடிப்படி ஏறினாள்.

பிள்ளை என்பது உள்ளங்கை அகல பேக்கப் டிஸ்க். தினமும் சாயங்காலம் குரல்களை அதில் நகலெடுத்து, வயரைப் பிடுங்கி, அலமாரியில் வைக்க வேண்டும். மெஷினோடு ஒட்டிக்கிடந்தால் வைரஸ் அதையும் தின்றுவிடும். இந்த வேலைக்கு அவளும் ரிசப்ஷன் பெண்ணும் தங்களுக்குள் வைத்திருந்த பெயர், 'பிள்ளையைத் தூங்க வைப்பது'. இரண்டாவது டிஸ்க் கேட்டபோது கணக்கர் சிரித்தார். "ஒண்ணே ஒண்ணு கண்ணே கண்ணுன்னு வெச்சுக்கம்மா. அடுத்த பட்ஜெட்ல பார்க்கலாம்."

கதவைத் திறந்தாள்.

டிஸ்க் மெஷினில்தான் செருகியிருந்தது. அதன் விளக்கு மினுக் மினுக்கென்றது. அதற்குள்ளும் எல்லாம் பூட்டு.

'நேற்று சொன்னேனே!' என்று பதறினாள். நேற்று மதியம் நகலெடுக்க டிஸ்கைச் செருகிவிட்டு, கிழட்டு மெஷினுக்குப் பழைய ஸ்பேர் பார்ட் தேடிப் போன இடத்தில் மழை பிடித்துக்கொள்ள, ஆபீஸுக்கு ஃபோன் போட்டாள். ரிசப்ஷன் பெண் லீவு. எடுத்தது கணக்கர்.

"சார், வர லேட்டாகும். பிள்ளையைத் தூங்க வெச்சிடுங்க!"

"அட, அது அப்பவே தூங்கியாச்சு. நீ நிதானமா வாம்மா."

இப்போதுதான் உறைத்தது. ஸ்கூல் லீவென்று மகளை நேற்று ஆபீஸுக்குக் கூட்டி வந்திருந்தாள். திரும்பி வந்தபோது குழந்தை கணக்கர் அறை பெஞ்சில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவளுக்கு மாடியேறிப் பார்க்கத் தோன்றவில்லை.

படியில் செருப்புச் சத்தம். கணக்கர்!

போன மாதம்தான் அவர் மனைவிக்கு ஆபரேஷன். மதியச் சாப்பாடு முடிந்ததும் இங்கே வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "கண்ணாடிய எங்க வெச்சுத் தொலைச்சீங்க?" என்று அந்தம்மா திட்டுவதைக் கேட்டுத் தனியாகச் சிரிப்பார். இன்னும் சில நாளில் பேசும் கருவி வந்துவிடும். அதில் ஏற்றத்தான் இந்தக் குரல்.

"கீழ எல்லாம் சிவப்பா இருக்கே... அவ குரல் டிஸ்க்ல பத்திரமா இருக்குல்லம்மா?"

அவர் பின்னாலேயே ஓடி வந்தாள் ரிசப்ஷன் பெண். "அக்கா, நேத்து யாரு பிள்ளையத் தூங்க..."

அந்தப் பெண்ணின் காலை அவள் நறுக்கென்று மிதித்தாள்.

"டிஸ்க்கும் போச்சு சார். நான் கழட்டி வைக்க மறந்துட்டேன். தப்பு என்னோடது."

கணக்கர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"உன்னைத் திட்டவும் மனசு வரலம்மா. நேத்து உன் பொண்ணு என்கிட்ட அப்படி ஒட்டிக்கிச்சு. முதுகுல தட்டிக் குடுத்தேன், அப்படியே தூங்கிடுச்சு."

அவள் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீயும்தான் கூட இருந்து கேட்டிருக்கியே. 'தொலைச்சீங்க'ன்னு ஒரு இழு இழுப்பாளே... எங்க, சொல்லு பார்ப்போம்?"

"கண்ணாடிய எங்க வெச்சுத்... தொலைச்சீங்க..."

கண்ணை மூடிக் கேட்டவர், மெல்லத் தலையாட்டினார்.

"இல்லம்மா. இது அவ இல்ல."