உச்சியில் ஒரு மலிவு வீடு

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சவாரி முடிந்து, சேறு தெறித்த காலோடு நண்பர்கள் நால்வரும் கத்ரீனின் பீர்க்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒரே கம்பள ஆலை ஆட்கள். மேஜையில் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலை வரைபடம் விரிந்து கிடந்தது. விடுமுறையில் அங்கே சைக்கிள் ஓட்டப் போவதற்கு வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தார்கள்.

"பாதி வாடகைடா! பாதி!" என்று ஒடீல் மேஜையைத் தட்டினான். "ரொட்டிக் கடையிலேருந்து பதினாலே கிலோமீட்டர். நம்ம ஊர்ல அது ஒரு தூரமா?"

ஃபிர்மின் விரலால் தேடினான். வீடு கணவாயின் உச்சியில் இருந்தது. பதினாலும் ஏற்றம். சமவெளியில் பிறந்தவர்கள் தூரத்தைத்தான் பார்ப்பார்கள், உயரம் கண்ணில் படாது. பகலெல்லாம் எங்கே சுற்றினாலும், சாயங்காலம் செத்த காலோடு அந்த ஏற்றத்தை மிதித்தால்தான் படுக்கை. மலிவுக்குக் காரணம் அதுதான்.

வசந்தத்திலிருந்தே அவனுக்கு ஏற்றத்தில் நெஞ்சை அடைத்தது. பரிசோதனை முடியும்வரை மலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி கத்ரீனிடம்கூட அவன் வாய் திறக்கவில்லை. மிதிக்க முடியாதவன் பின்னால் வரும் வேனை ஓட்டுவான், அது அவர்கள் குழுவின் வழக்கம். அந்த இருக்கையில் ஒருமுறை உட்கார்ந்தவன் மறுபடி சைக்கிள் ஏறியதே இல்லை.

"சாயங்காலம் ஏறி வரணும், யோசிச்சியா?" என்றான் ஃபிர்மின்.

"வயசாயிடுச்சா மச்சான்? வேன் சாவி தரட்டுமா?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். அதற்குள் ஒடீல் வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டு நீட்டிவிட்டான். நால்வரில் பிரெஞ்சு பேசத் தெரிந்தவன் ஃபிர்மின் ஒருவன்தான்.

அந்தம்மா விறுவிறுவென்று பேசினாள். போன வருஷம் சைக்கிளில் ஏறி வந்த ஒருவர் கடைசி வளைவில் விழுந்துவிட்டார், ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதிலிருந்து எல்லாரிடமும் கேட்கிறாள்: யாருக்காவது இதயத்தில் கோளாறு உண்டா?

"என்னவாம்?" என்றான் ஒடீல்.

ஃபிர்மின் போனைக் கையால் பொத்தினான். "வீட்ட வேற யாருக்கோ குடுத்துட்டாங்களாம்."

"குடுத்துட்டு இவ்வளவு நேரமா பேசுவா?" ஒடீல் போனைப் பிடுங்கி ஒலிபெருக்கியில் போட்டான். அந்தம்மா விடாமல் அதையே கேட்டாள். இதயத்துக்கான பிரெஞ்சுச் சொல் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

"இதயமா? யாரோட இதயம்?"

ஒடீல் ஃபிர்மினின் முகத்தையே பார்த்தான். சிரிப்பு எங்கோ போய்விட்டது. "மச்சான்?"

"என்னோடது."

கல்லாப் பக்கம் தண்ணீர்க் குழாயின் சத்தம் நின்றது. கத்ரீன் துண்டில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"எப்பலேருந்து?"

"ஏப்ரல்."

"ஏப்ரல்லேருந்து என் பக்கத்துல படுத்துக்கிட்டு!" குரல் உடைந்தது. அண்ணன் ஒடீல் பக்கம் திரும்பினாள். "நீயும் வாய மூடு, ஒரு வார்த்தை சொல்லாத."

"நான் என்ன சொன்னேன்?"

"வேன் சாவின்னு சொன்னியே. அத இங்க குடு." சாவியை வாங்கிக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். "அந்தம்மாகிட்ட அடிவாரத்துல ஏதாவது வீடு இருக்கான்னு கேளுய்யா. அஞ்சு பேர். வேன நான் ஓட்டுறேன். டாக்டர் சரின்னா சைக்கிள். இல்லன்னா என் பக்கத்துல உக்காரு."

"உக்காந்தா அப்புறம் நான்..."

"கேளுன்னு சொன்னேன்."

போனில் அந்தம்மா இன்னும் காத்திருந்தாள். ஃபிர்மின் இரண்டு தரம் தொண்டையைச் செருமினான். பிறகு, ஐந்து பேர் என்று ஆரம்பித்தான்.