ஜவளகிரிச் சாலையில் கழன்ற தகடு

தளியைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் காருக்கு அடியில் அந்தச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது மாதிரி. வேகத்தைக் குறைத்தால் அடங்கும், ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடும். சத்யப்ரியா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

லைசன்ஸ் வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. பத்து நாளைக்கு முன்பே ஓசூரில் மெக்கானிக் தீர்த்தகிரியிடம் வண்டியைக் காட்டியிருந்தாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "சைலன்சர் சூடு வெளிய படாம இருக்கிறதுக்கு ஒரு தகடு மாட்டியிருப்பாங்க மேடம், ஹீட் ஷீல்டு. அதுல போல்ட்டு துரு புடிச்சிருக்குது. ஒண்ணும் ஆவாது, அப்புறமா வாங்க" என்று அனுப்பிவிட்டார். அப்புறமாகப் போக அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை.

பக்கத்து இருக்கையில் கெம்பம்மா வலது கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு உட்கார்ந்திருந்தாள். சத்யப்ரியா வேலை பார்க்கும் கம்பெனியில் கேன்டீன் சமையல் அவளுடையது. முந்தின நாள்தான் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், சனிக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடிந்ததும் சத்யப்ரியாவே அவளை ஜவளகிரிக்குக் கொண்டுபோய் விடுவதாக ஏற்றுக்கொண்டாள். சத்யப்ரியாவின் கணவன் சுபாஷுக்கு அன்று வேலை.

"என்ன கண்ணு இப்படிச் சத்தம் போடுது?"

"ஒண்ணுமில்லக்கா, தகடுதான். பயப்படாதீக."

காட்டுச் சாலை ஒரு மேட்டில் ஏறியது. பாதி ஏற்றத்தில் முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏற, அடியில் 'டங்' என்று ஏதோ அறுந்தது. உடனே தார் ரோட்டில் இரும்பை இழுக்கும் ஓசை கிளம்பி, பல்லைக் கூச வைத்தது. சத்யப்ரியா பதறிப்போய் இடது ஓரமாக ஒதுக்கி எஞ்சினை அணைத்தாள். ஓரமெல்லாம் மாசி வெயிலில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்து நின்ற புல்.

இறங்கிக் குனிந்து பார்த்தாள். தகட்டின் ஒரு முனை போல்ட்டில் தொங்கியது, மறுமுனை தரையைத் தொட்டுக் கிடந்தது. கையை நீட்டியவள் 'ஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டாள். விரல் நுனி வெந்துவிட்டது. போனில் டவர் இல்லை. சூடு ஆறட்டும், பிடுங்கி எறிந்துவிடலாம் என்று மறுபடி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

அப்போது கெம்பம்மாவின் கை அவள் முழங்கையைப் பற்றியது. நகம் பதிந்தது.

மேட்டின் உச்சியில், நாற்பதடி தூரம்கூட இருக்காது, ஒரு யானை ரோட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. அதன் காலுக்கிடையில் ஒரு குட்டி. யானை காதை விரித்துக் காரைப் பார்த்தது.

சத்யப்ரியாவின் கை தானாகச் சாவிக்குப் போனது.

"பேடா கண்ணு, வேணாம்! ஸ்டார்ட் பண்ணாத!" கெம்பம்மா அடிக்குரலில் சொன்னாள். "எங்க ஊட்டுக்காரரு அப்படித்தான் மொபட்ட ஸ்டார்ட் பண்ணாரு. இதே ரோட்டுல. அந்தச் சத்தத்துக்குத்தான் அது திரும்பி வந்துச்சு."

கெம்பம்மா விதவை என்று தெரியும். எப்படி என்று சத்யப்ரியா கேட்டதில்லை. அவள் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். யானை அசையவில்லை.

முதலில் வாசனைதான் வந்தது. புல் கருகும் வாசனை. பிறகு கதவோரம் ஒரு நூல் மாதிரிப் புகை எழுந்தது. தகடு இல்லாத சைலன்சர் குழாய், சூடு ஆறாமல், காய்ந்த புல்லின்மேல் நிற்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சத்யப்ரியாவின் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அக்கா தங்கமணி பட்டாசு ஆலையில் வெந்துபோனாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அக்காவின் பக்கத்தில் இருந்தவள் அவள். அதன் பிறகு அவள் வீட்டில் கார்த்திகைக்குக்கூட ஒரு விளக்குக்கு மேல் ஏற்றியதில்லை.

"அக்கா, கீழ தீப் புடிச்சிருக்கு."

"எறங்காத, எறங்காத..."

"உள்ள இருந்தா வெந்துருவோம்க்கா."

"ஸ்டார்ட் பண்ணா கொன்னுப்புடும்!"

கெம்பம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். புகை இப்போது கண்ணாடிக்கு எதிரே ஏறியது. அதைப் பார்த்த சத்யப்ரியாவுக்கு ஒன்று தோன்றியது: வண்டி ஏற்றத்தில் நிற்கிறது. பின்னால் முழுக்க இறக்கம்.

சாவியை ஒரே ஒரு படி திருப்பினாள். ஸ்டியரிங் பூட்டு விட்டது. சீட் பெல்ட் போடவில்லை என்று டேஷ்போர்டு 'டிங் டிங்' என்று கத்தத் தொடங்க, பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சத்தம் நின்றது. கியரை நியூட்ரலில் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள்.

கார் நகரவில்லை. ஒரு நொடி. இரண்டு நொடி. பிறகு மெல்லப் பின்னால் உருண்டது.

தொங்கிய தகடு ரோட்டைக் கீறி, மடங்கி, 'படக்'கென்று முறிந்து விழுந்தது. யானை துதிக்கையை உயர்த்திப் பிளிறியதில் கார்க் கண்ணாடி அதிர்ந்தது. கெம்பம்மா "தேவரே, சாமி" என்று கண்ணை மூடினாள். சத்யப்ரியா, எஞ்சின் ஓடாததால் இறுகிப்போன பிரேக்கின் மேல் இரண்டு காலையும் வைத்து மிதிக்க, வண்டி இருபதடி கீழே, தார்மேல் நின்றது.

வண்டி நின்றிருந்த இடத்தில் ஒரு பாய் அகலத்துக்குப் புல் எரிந்துகொண்டிருந்தது. புகை காற்றில் மேட்டைப் பார்த்துப் போனது. யானை இரண்டடி முன்னால் வைத்தது. பிறகு புகையை முகர்ந்ததோ என்னவோ, குட்டியைத் துதிக்கையால் வளைத்து இடப்பக்கத்துப் புதருக்குள் தள்ளிக்கொண்டு போனது. மூங்கில் முறியும் ஓசை மட்டும் கேட்டது. எவ்வளவு தூரத்தில் என்று சொல்ல முடியவில்லை.

போய்விடலாம். காரைத் திருப்பித் தளிக்கே போய்விடலாம். ஆனால் நெருப்பு காட்டுப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. புதருக்கும் அதற்கும் நடுவில் பத்தடிதான். அந்தப் புதருக்குள்தான் குட்டி போயிருந்தது.

சத்யப்ரியா கதவைத் திறந்தாள். பின்சீட்டில் கெம்பம்மாவின் ஆஸ்பத்திரி மூட்டையில் ஒரு போர்வையும் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனும் இருந்தன. போர்வையை நனைத்தாள். நெருப்பை நோக்கி நடக்கும்போது பல் கிட்டியது. முதல் அடியை அடித்தபோது அழுதுகொண்டிருந்தாள். அடுத்தடுத்த அடிகளில் அழுகிறோமா என்பதே தெரியவில்லை.

பக்கத்தில் தண்ணீர் விழுந்தது. கெம்பம்மா. டாக்டர் குனியக் கூடாது என்றதால் நிமிர்ந்தே நின்று, ஒற்றைக் கண்ணால் புதரையே பார்த்தபடி, கேனைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அடி கண்ணு. நான் பாத்துக்கினு இருக்கேன். வந்தா சொல்றேன்."

அது வரவில்லை. கடைசிப் பொறியும் அணைந்து, கரிந்த தரையை இன்னொரு முறை மிதித்துப் பார்த்த பிறகுதான் இருவரும் வண்டியில் ஏறினார்கள். சத்யப்ரியா சாவியைத் திருப்பினாள். தகட்டுச் சத்தம் இல்லாமல் வண்டி ஓடியது. அந்த அமைதியிலும் மேட்டின் இரண்டு பக்கப் புதரையும் பார்த்துக்கொண்டேதான் கடந்தார்கள்.

கெம்பம்மாவின் வீட்டு வாசலில், சிமெண்ட் தரையாகப் பார்த்து வண்டியை நிறுத்தினாள். மகன் வெங்கட் ஓடி வந்து, "என்னம்மா ஒரே கரி?" என்றான். கெம்பம்மா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சத்யப்ரியா சுபாஷுக்குப் போன் போட்டாள். "வீடு வந்துட்டியா?" என்றான் அவன்.

"இல்ல. இன்னைக்கு என்னால அந்த ரோட்டுல திரும்பி வர முடியாதுங்க. நாளைக்கு விடிஞ்சதும் நீங்க பஸ்ல வாங்க."

"ஏன், என்னாச்சு? வண்டி நின்னுபோச்சா?"

சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. வெந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கெம்பம்மா தரையிலிருந்தே கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"தம்பி, நான் கெம்பம்மா பேசறேன். ரெண்டு பேரும் நல்லா இருக்கிறோம். நீ அவசரப்படாத, காலையில வா. வந்தா உன் பொண்டாட்டி என்ன பண்ணாளுன்னு நான் சொல்றேன்."